சுகாதாரப் பாடம்: விரிசல் விட்ட பல்லும் கழன்ற அடைப்பும்



இந்த முறை பல்லைப் பற்றிப் பார்ப்போம். பல் நோவு வந்தால் ராத்திரித் தூக்கம் போகிறது. காலையில் பிரட்டுக்குப் போக முடியாமல் அன்றையப் பேரும் போகிறது. கடைசியில் வைத்தியசாலைக்குப் போய், "புடுங்கிப் போடுங்க டொக்டர்" என்று நாமே கேட்கிறோம். ஆனால் முதலிலேயே காட்டியிருந்தால் அந்தப் பல்லில் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். இந்தப் பாடத்தில் நாங்கள் சொல்ல வருவது அதுதான்.

திருகோணமலையை வைத்தே பாடத்தைச் சொல்கிறோம். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டங்களிலிருந்து போன குடும்பங்கள் பல அந்த மாவட்டத்தில் குடியேறின. இன்றைக்கும் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போன பிள்ளைகள் உண்டு. கோணேஸ்வரத்துக்கு பஸ் பிடித்துப் போகிறவர்களும் உண்டு. போன இடத்தில் பல் உடைந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பல் ஏன் தானாக ஆறாது?

கை எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுச் சில வாரத்தில் கூடிவிடும். பல் அப்படிக் கூடாது. பல்லின் வெளி ஓடான எனாமல்தான் உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் அதில் உயிர் அணுக்கள் இல்லை. விரிசல் விட்டால் விட்டதுதான். அதற்கு உள்ளே டென்டின், அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பல் கூழ். விரிசல் ஓட்டோடு நின்றால் வேலை சின்னது. கூழ் வரை போனால் வேலை பெரியது. வேர் வரை பிளந்தால் பல்லைக் காப்பாற்றுவது கஷ்டம்.

விரிசல் எதனால் வருகிறது?

கொட்டைப் பாக்கைக் கடிப்பது, சோடா மூடியைப் பல்லால் திறப்பது, சோற்றில் கல், எலும்பு கடிப்பது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது. பெரிய அடைப்பு உள்ள பல்லில் சுவர் மெல்லிசாக இருப்பதால் அது சீக்கிரம் உடையும்.

பாரம் சீராக விழாததும் ஒரு காரணம். திருகோணமலைத் துறைமுகத்தில் 1944 ஆகஸ்டில் நடந்ததைக் கேளுங்கள். பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய மிதக்கும் தளம் ஒன்று, 'வேலியன்ட்' என்ற போர்க்கப்பலைத் தூக்கும்போது உடைந்து மூழ்கியது. தளத்தின் தண்ணீர்த் தொட்டிகளைக் கையாண்ட முறை பிழைத்து, பாரம் சீராக இல்லாமல் போனதே காரணம். பல்லும் அப்படித்தான். அடைப்பு கொஞ்சம் உயரமாக இருந்தால், வாயை மூடும்போதெல்லாம் முழுப் பாரமும் அந்த ஒரு பல்லில் விழும். ஆகவே அடைத்த பிறகு கடித்துப் பார்த்து, "உயரமாக இருக்கு டொக்டர்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒரு நிமிஷத்தில் தேய்த்துச் சரி செய்வார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. கடிக்கும்போது சுரீரென்று குத்தும். சிலருக்குக் கடித்ததை விடும்போது குத்தும். பிறகு ஒன்றும் இருக்காது.
2. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும்.
3. அடைத்த இடத்தில் சாப்பாடு போய்ச் சிக்கும். நாக்கை வைத்தால் ஓரம் கூராகத் தெரியும்.
4. அடைப்பு ஆடும், அல்லது கழன்று கையில் வரும்.

அடைப்பு விழுந்தும் நோவில்லையே என்று பேசாமல் இருக்கக் கூடாது. அந்தக் குழியில் சீனி போட்ட தேத்தண்ணி தங்கும், புழுப்பல் உள்ளே போகும். வெளியே தெரியாமலே கூழைத் தொட்டுவிடும்.

வைத்தியர் என்ன செய்வார்?

சின்னத் துண்டு உடைந்தால் தேய்த்து மழுங்கச் செய்வார், அல்லது பல் நிற அடைப்பு வைப்பார். பழைய அடைப்பு கெட்டிருந்தால் அதை எடுத்து, புழுத்த பகுதியைச் சுத்தம் செய்து, புதிதாக அடைப்பார். விரிசல் ஆழமென்றால் பல்லை இறுக்கிப் பிடிக்க மேலே உறை போடலாம். கூழ் கெட்டிருந்தால் வேர்ச் சிகிச்சை செய்து, பிறகு உறை. இதற்குப் பல தடவை போக வேண்டும். பாதியில் விட்டால் பல் போய்விடும்.

'வெள்ளி அடைப்பில் பாதரசம் இருக்கிறதே, எல்லாவற்றையும் எடுக்கணுமா?' என்று சிலர் கேட்கிறார்கள். அதில் ஏறக்குறையப் பாதி பாதரசம்தான். 2013இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு உலகமெங்கும் அதன் பாவனை குறைந்து வருகிறது. ஆனால் நன்றாக இருக்கும் பழைய அடைப்பைச் சும்மா தோண்டி எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகிறது. உடைந்தது, ஆடுவது, ஓரத்தில் புழுத்தது ஆகியவற்றையே மாற்ற வேண்டும்.

எங்கே போவது?

திருகோணமலை பொது வைத்தியசாலைக்குக் காலையில் நேரத்தோடு போய் நம்பர் எடுங்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள ஆதார வைத்தியசாலையில் பல் கிளினிக் நாளைக் கேட்டுக்கொள்ளலாம். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. உறை போடும் வேலை எல்லா இடத்திலும் நடக்காது. பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்களா என்று கேளுங்கள். தனியாரிடம் போனால் மொத்தச் செலவை முதலிலேயே கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையம் இருக்கிறது.

போகும் வரை என்ன செய்வது?

இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். மற்றப் பக்கத்தால் சாப்பிடுங்கள். நோவுக்குப் பெரியவர்கள் பனடோல் இரண்டு போடலாம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்கள் முதலில் டொக்டரைக் கேளுங்கள். டிஸ்பிரினைப் பல்லிடுக்கில் வைக்காதீர்கள், ஈறு வெந்துவிடும். புகையிலையும் வேண்டாம். கழன்ற அடைப்பைக் கடைப் பசை போட்டு ஒட்டாதீர்கள்.

கன்னம் அல்லது தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால் கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம். ராத்திரியானாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இன்னுமொன்று. உடைந்த பல் கன்னத்தையோ நாக்கையோ உரசிப் புண்ணாக்கும். பல்லைச் சரி செய்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்ட வேண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான்.

அடைத்துவிட்டு வந்ததும் விறைப்புப் போகும் வரை சூடான தேத்தண்ணி குடிக்காதீர்கள். சூடு தெரியாமல் வாய் வெந்துவிடும். வெள்ளி அடைப்பென்றால் ஒரு நாள் அந்தப் பக்கத்தால் கடிக்கக் கூடாது.

பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்

1. எலும்பு கூடுகிறது, பல் ஏன் கூடுவதில்லை?
2. அடைப்பு உயரமாக இருந்தால் என்ன ஆகும்?
3. எந்த அறிகுறி வந்தால் அந்த நிமிஷமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?

விடைகள் மேலே இருக்கின்றன. வாசிக்கத் தெரியாத அம்மாயிக்கும் தாத்தாவுக்கும் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது பல் குத்தினால், அடுத்த கிளினிக் நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.