குழாய் முனையில் குடியிருக்கும் பொய்

நீர்ச்சிக்கனக் குழாயோ ஷவரோ மாட்டினால் வீட்டில் ‘பிரஷர்’ போய்விடும் என்னும் வதந்தி, பிளம்பர் சொல்லி, கடைக்காரர் ஆமோதித்து, எதிர்வீட்டு மாமி சாட்சியமும் கூறி, சென்னை அடுக்ககங்களில் இன்று வேதவாக்கியத்தின் அந்தஸ்தை அடைந்துவிட்டது. நீரியலைத் தொழிலாகக் கொண்ட நான் இதைக் கேட்குந்தோறும் எழும் எரிச்சலை மறைத்துக்கொள்ள விரும்பவில்லை. 2019-ஆம் ஆண்டில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேற்றித் தண்ணீர் கொண்டுவர நேர்ந்த இதே நகரத்தில், புதுக் குழாயின் முனையில் வந்த ஏரேட்டர் என்னும் சிக்கன வில்லையைத் திருகிக் கழற்றிக் குப்பையில் எறிகிறவர்களைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருப்பது எங்ஙனம்?

அழுத்தம் என்பது, மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் உங்கள் குழாய்க்கும் இடையிலுள்ள உயரத்திலிருந்து பிறப்பதேயன்றி, குழாய் வாயின் விசாலத்திலிருந்து பிறப்பதன்று. பத்து மீட்டர் உயரம் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும் என்பது எங்கள் சாஸ்திரத்தின் அரிச்சுவடி. முனையில் திருகும் அந்தச் சிறு வில்லை, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெளியேறலாம் என்பதை மாத்திரமே நிர்ணயிக்கிறது. குளியலறையில் ஓட்டம் குறைந்தால், குழாய்ச் சுவரோடு உராய்ந்து வீணாகும் அழுத்தமும் குறைவதால், அதே வழியில் தண்ணீர் பெறும் சமையலறைக்கு அழுத்தம் சற்றுக் கூடவே செய்யும்.

பின் இந்தப் பிரமை எங்கே பிறந்தது? மேல்மாடியில். பெட்டியில் அச்சிட்ட லிட்டர்க் கணக்கு எந்த அழுத்தத்தில் அளந்தது என்று நம்மவர் கேட்பதேயில்லை. அமெரிக்கச் சட்டம் 1994 முதல் ஷவருக்கு விதித்த 9.5 லிட்டர் வரம்புகூடச் சுமார் ஐந்தரை பார் அழுத்தத்தில் அளக்கப்படுவது. தொட்டிக்கு மூன்று மீட்டர் கீழே குளிக்கும் நம் மேல்மாடிக்காரருக்குக் கிடைப்பதோ 0.3 பார். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தையொட்டி மாறுவதால், மூன்று பார் அழுத்தத்தில் ஆறு லிட்டர் தரும் சாதாரணத் துளைவில்லை அங்கே இரண்டு லிட்டரைத் தாண்டாது. அவர் திட்டுவது நியாயந்தான். ஆனால் திட்டவேண்டியது தம் தேர்வை. அழுத்தம் மிகும்போது இறுகித் துளையைச் சுருக்கி, குறையும்போது தளர்ந்து வழிவிடும் ரப்பர் வளையமுள்ள வகையை அவர் கேட்டு வாங்கியிருக்கவேண்டும்.

‘பாதி ஓட்டமென்றால் இரட்டிப்பு நேரம், மிச்சம் ஏது?’ என்னும் சாமர்த்தியமான கேள்வி, வாளி நிரப்பும் குழாய்க்கு மட்டும் பொருந்தும். அதில் சிக்கன வில்லை மாட்டுவது மெய்யாகவே வீண். வாஷ்பேசினிலோ, கையில் சோப்பு தேய்க்கும் நேரமெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் ஓட்டத்தைக் குறைத்ததால் ஒரு நொடியும் நீள்வதில்லை.

சில்லறைப் பொய்களுக்கு அதிக இடம் தேவையில்லை. போர் தண்ணீரில் ஏரேட்டர் அடைத்துவிடுமாம், அடைக்கத்தான் செய்யும். கழற்றிப் பாருங்கள்: வலையில் மணலும் ஓரத்தில் வெள்ளை உப்பும் படிந்திருக்கும், இரவு வினிகரில் ஊறவைத்துக் காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் தீர்ந்தது. அகன்ற ‘மழை ஷவர்’ மென்மையாகப் பொழிவதால் சிக்கனம் என்பது சுத்த அபத்தம். வாளிக் குளியலே எப்போதும் உத்தமம் என்பதும் முழு உண்மையன்று. நிமிடத்துக்கு ஏழு லிட்டர் ஷவரில் மூன்று நிமிஷ ஸ்நானம் ஒரு பெரிய வாளிக்கு மேல் போகாது. வாங்குமுன், பத்து லிட்டர் வாளியை ஷவருக்கடியில் வையுங்கள். நாற்பது விநாடியில் நிரம்பினால் ஓட்டம் நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர், மாற்றவேண்டியதே.

ஆனால் இத்தனையும் செய்தவர், லாரித் தண்ணீர்ச் செலவை வீட்டுக்குச் சமபங்காக வசூலிக்கும் அடுக்ககத்தில், குழாயைத் திறந்துவிட்டுத் தொலைபேசியில் பேசும் பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் அழவேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைக்காதவரை இந்த அநியாயம் ஒழியாதென்று நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். குளியலறைக்கு ஒன்றாகக் குழாய்கள் தனித்தனியே இறங்கும் பழைய கட்டடங்களில் ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு மீட்டர்கள் வேண்டியிருக்கும் என்பது மெய். செலவென்று முகம் சுளிக்கும் சங்கங்கள், கோடைதோறும் லாரிக்குக் கொட்டிய பணத்தைத் தங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்.