ஷியாட்சு: அஞ்சிய உடலுக்கு ஓர் ஆறுதல்

மனிதனுக்கு ஏற்படும் காயங்கள் இரு வகைப்படும். ஒன்று கண்ணுக்குத் தெரிவது. வெட்டுக்காயம், தீப்புண், எலும்பு முறிவு ஆகியவை இவ்வகை. மருந்திட்டுக் கட்டுப் போட்டால் நாளடைவில் ஆறிவிடும். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. சாலை விபத்து, தீ, நிலநடுக்கம், வெள்ளம், கலவரம், வன்முறை, கண்ணெதிரே நேர்ந்த மரணம் போன்றவற்றில் சிக்கி மீண்டவர்களின் உள்ளத்தில் ஏற்படுவது. இதனை மனக்காயம் என்கிறோம். "உயிர் தப்பியதே பெரிது, நடந்ததை மறந்துவிடு" என்று சுற்றத்தார் கூறுவது நல்லெண்ணத்தால்தான். ஆனால் அந்தச் சொல் இக்காயத்தை ஆற்றுவதில்லை. மனம் மறக்க முயன்றாலும் உடல் எளிதில் மறப்பதில்லை என்பதே காரணம்.

அப்படியானால் உடலின் வழியாகவே ஆறுதல் தர இயலுமா? ஜப்பானில் தோன்றிய ஷியாட்சு என்னும் அழுத்து முறை இதற்கு ஓரளவு துணை செய்யும் என்று பலர் கருதுகின்றனர். அது எந்த அளவுக்கு உண்மை, அதன் எல்லை எது, நம் போன்ற குடும்பத்தினர் அதிலிருந்து கற்கக்கூடியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உடல் ஏன் மறப்பதில்லை?

ஆபத்து வரும்போது நம் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக் கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு மேலோட்டமாகிறது. தோளும் தாடையும் இறுகுகின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகிறது. இரண்டுக்கும் வழியில்லையென்றால் உறைந்து போகிறது. ஆபத்து நீங்கியதும் எதிர்ப்பரிவு நரம்புகள் வேலை செய்து, எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டு வர வேண்டும். பெரும்பாலோருக்கு அவ்வாறே நடக்கிறது.

சிலருக்கு மட்டும் இந்த எச்சரிக்கை மணி நிற்பதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழி இவர்களது நிலையைச் சரியாகச் சொல்கிறது. குக்கர் விசில் ஒலித்தால் திடுக்கிடுவர். இரவில் உறக்கம் வராது. வந்தாலும் அதே காட்சி கனவில் வரும். சூடு கண்ட பூனையைப் போல, விபத்து நடந்த தெருவின் பக்கமே போக மாட்டார்கள். இந்நிலை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால், அதனை மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்று அழைக்கின்றனர். அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய் என்று இதனைத் தமிழில் கூறலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் இதனைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இது கோழைத்தனமும் அன்று, நடிப்பும் அன்று.

ஷியாட்சு பிறந்த கதை

ஜப்பானிய மொழியில் 'ஷி' என்றால் விரல், 'அட்சு' என்றால் அழுத்தம். அந்நாட்டில் 'அன்மா' என்னும் பழைய பிடித்துவிடும் முறை ஒன்று உண்டு. கண்பார்வையற்றோர் பலர் அதனைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். தெம்பாகு தமாய் என்பவர் 1919இல் ஷியாட்சு முறை பற்றி நூல் வெளியிட்டார்.

இதனை மக்களிடம் கொண்டு சென்றவர் தொகுஜிரோ நமிகோஷி (1905-2000). இவரது குடும்பம் ஷிகோகு தீவிலிருந்து பனி மிகுந்த ஹொக்கைடோ தீவுக்குக் குடிபெயர்ந்தது. அப்போது சிறுவனுக்கு வயது ஏழு. புதிய இடத்தில் தாய்க்குக் கடுமையான மூட்டு வலி கண்டது. பிள்ளைகள் மாறி மாறித் தாயின் உடலைப் பிடித்துவிட்டனர். எங்கே, எவ்வளவு அழுத்தினால் தாய்க்குச் சுகமாக இருக்கிறது என்பதைச் சிறுவன் தன் விரல்களாலேயே கற்றான். அதுவே ஷியாட்சுவின் தொடக்கம் என்று அவர் பிற்காலத்தில் கூறினார். 1925இல் ஹொக்கைடோவில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1940இல் டோக்கியோவில் பயிற்சி நிறுவனம் அமைத்தார். 1954இல் ஜப்பான் வந்த நடிகை மர்லின் மன்றோவுக்கும் இவர் சிகிச்சை அளித்தார். 1955இல் ஜப்பானியச் சட்டம் ஷியாட்சுவை ஏற்றது. இன்று அங்கு இதனைத் தொழிலாகச் செய்ய விரும்புவோர் குறைந்தது மூன்றாண்டுகள் பயின்று அரசுத் தேர்வில் தேற வேண்டும்.

மற்றொரு வழியைக் காட்டியவர் ஷிசுதோ மசுனாகா (1925-1981). இவர் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்றவர். உடலின் வலியையும் மனத்தின் நிலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது இவரது கொள்கை. இவரது முறை 'ஜென் ஷியாட்சு' எனப்படுகிறது.

செய்யும் முறை

ஷியாட்சுவில் எண்ணெய் கிடையாது. ஆடையைக் களைய வேண்டியதில்லை. தரையில் விரித்த மெத்தையில் படுத்தோ, அமர்ந்தோ இருக்கலாம். செய்பவர் கட்டைவிரல், உள்ளங்கை, சில வேளைகளில் முழங்கை, முழங்கால் ஆகியவற்றைப் பயன்படுத்துவார். தசை பலத்தால் குத்துவதோ பிசைவதோ இல்லை. தம் உடல் எடையை மெல்லச் சாய்த்து, ஓரிடத்தில் சில விநாடிகள் அழுத்தி, மெல்ல விடுவதே முறை.

இதில் 'தாய்க் கை' என்றொரு கருத்து உண்டு. ஒரு கை நகர்ந்து நகர்ந்து அழுத்தும்போது மற்றக் கை அசையாமல் உடலின் மேல் தங்கியிருக்கும். அசையாத கைதான் தாய்க் கை. குழந்தையை மடியில் கிடத்திய தாய், ஒரு கையால் வேலை பார்த்துக்கொண்டே மறு கையைக் குழந்தையின் மேல் வைத்திருப்பதில்லையா? அதைப் போன்றது. "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்பதை அந்தக் கை சொல்லாமல் சொல்கிறது. அஞ்சிய உடலுக்கு முதலில் வேண்டுவது இந்த உறுதிதான்.

நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் உண்டு, வர்ம முறையும் உண்டு. ஆனால் ஷியாட்சு அவற்றிலிருந்து வேறுபட்டது. அதன் வேர் சீன, ஜப்பானிய மருத்துவ மரபில் உள்ளது. ஒன்றை மற்றொன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கோபே நகரம் கற்பித்த பாடம்

1995 ஜனவரி 17 அதிகாலை 5.46 மணிக்கு ஜப்பானின் கோபே நகரமும் அதன் சுற்றுப்புறமும் நிலநடுக்கத்தால் குலைந்தன. 6,434 பேர் உயிரிழந்தனர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பள்ளிக்கூடங்களிலும் பொது மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தனர். அதன் பின்னரே 'உள்ளப் பராமரிப்பு' என்னும் பொருள் தரும் சொல் அந்நாட்டு மக்களின் பேச்சில் பரவியது. கோபே பல்கலைக்கழக மருத்துவமனையின் மனநல மருத்துவர் கட்சுமாசா ஆன், தாமும் அந்நகரில் பாதிக்கப்பட்டவராக இருந்தபடியே மக்களுக்குச் சிகிச்சை அளித்தார். உள்ளக் காயம் ஆறுவது பற்றி 1996இல் அவர் நூலும் வெளியிட்டார்.

அங்கே முகாம்களில் எளிய சேவை ஒன்று தொடங்கியது. 'அஷியு' என்று பெயர். கால் நீராடல் என்று பொருள். தொண்டர்கள் வாளியில் வெந்நீர் கொண்டு வந்து, முதியவரின் பாதங்களை அதில் வைக்கச் செய்வர். எதிரே அமர்ந்து அவரது கைகளை மெல்லத் தடவியும் பிடித்தும் விடுவர். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம்தான். தொண்டர்கள் கேள்வி கேட்பதில்லை, அறிவுரை கூறுவதில்லை. ஆனால் கால் சூடேறும்போது, யாரிடமும் பேசாதவர்கள்கூட இரண்டொரு வார்த்தை பேசுவார்கள். இழந்த வீட்டைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் தாமாகவே முணுமுணுப்பார்கள். தொண்டர் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். பின்னர் 2004இல் நீகாதாவிலும், 2007இல் நோத்தோவிலும், 2011 பேரிடருக்குப் பிறகு வடகிழக்கு ஜப்பானிலும் இச்சேவை நடைபெற்றது.

இது முறையான ஷியாட்சு ஆகாது. எனினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. அவசரமில்லாத, எதையும் எதிர்பாராத ஒரு கை தம்மைத் தொடும்போது, அஞ்சிய மனிதர் சற்று இளகுகிறார்.

ஆய்வுகள் கூறுவது

இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். ஷியாட்சு மரபு கூறும் சக்திப் பாதைகள் உடற்கூறு ஆய்வில் காணப்படவில்லை. நமிகோஷியின் வழியே இப்பாதைகளைவிடத் தசை, நரம்பு ஆகியவற்றைத்தான் அடிப்படையாகக் கொண்டது. மிதமான அழுத்தமுள்ள மசாஜ் இதயத் துடிப்பைத் தணித்து எதிர்ப்பரிவு நரம்புகளைத் தூண்டுகிறது என்று அமெரிக்காவின் மயாமி நகரில் 1992இல் தொடங்கிய தொடுகை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஷியாட்சு பற்றிக் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2011இல் வெளியான மதிப்பீடு, உறுதியான முடிவுக்கு வரப் போதிய சான்று இல்லை என்றே கூறியது.

ஆகவே, ஷியாட்சு மனக்காயத்தைக் குணப்படுத்தும் என்று யாரேனும் விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். சான்றுள்ள சிகிச்சைகள் வேறு உள்ளன. பயிற்சி பெற்ற உளவியலாளர் படிப்படியாக நடத்தும் பேச்சு முறைச் சிகிச்சை, கண் அசைவோடு சேர்த்துச் செய்யப்படும் இ.எம்.டி.ஆர். முறை, தேவைப்பட்டால் மருந்து ஆகியவையே அவை. ஷியாட்சு அவற்றுக்கு ஊன்றுகோலாக நிற்கலாம், அவற்றின் இடத்தைப் பிடிக்க முடியாது. இறுகிய தோள் தளர்ந்து, மூச்சு சீராகி, அன்றிரவு இரண்டு மணி நேரம் கூடுதலாக உறங்கினால், மறுநாள் சிகிச்சையைத் தாங்கும் தெம்பு சிலருக்குக் கிடைக்கும். அதுவும் சிறிய உதவி அன்று.

அனுமதி கேட்டே தொடுக

மனக்காயம் பட்டவருக்கு நேர்ந்தது என்ன? அவரது விருப்பத்தைக் கேட்காமல் அவர் உடலுக்கு ஏதோ நடந்தது. தடுக்க அவரால் இயலவில்லை. ஆகவே ஆறுதல் தரும் கையும் அவரைக் கேட்காமல் தொட்டால், அதுவும் பழைய அச்சத்தையே கிளறும். "கையைப் பிடித்துவிடட்டுமா?", "இவ்வளவு அழுத்தம் போதுமா?", "நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்பதும், "வேண்டாம்" என்றவுடன் முகம் சுளிக்காமல் கையை எடுப்பதும்தான் இதில் முக்கியம். தன் உடல் மீது தனக்கே அதிகாரம் உண்டு என்பதை அவர் மீண்டும் உணர்கிறார். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் தொடுதலே துன்பமாக இருக்கலாம். அவர்களை வற்புறுத்தவே கூடாது. சிகிச்சையாளர் ஆணா பெண்ணா என்பதையும் அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

முழுமையான ஷியாட்சு பயின்றவர் செய்ய வேண்டியது. ஆனால் கை பிடித்துவிடுவதை வீட்டில் உள்ளவர்கள் செய்யலாம்.

1. நகத்தை வெட்டி, கையைக் கழுவிக் கொள்ளுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள்.

2. அனுமதி கேளுங்கள். பின்னாலிருந்து அணுகாமல், அவர் பார்க்கும்படி பக்கத்தில் அமருங்கள். அவர் கண்ணை மூட வேண்டியதில்லை.

3. அவரது கையை ஒரு தலையணை மேல் வையுங்கள். உங்கள் ஒரு கை அவரது முழங்கையருகே அசையாமல் இருக்கட்டும். இதுவே தாய்க் கை.

4. மறு கையின் கட்டைவிரல் சதைப்பகுதியால் உள்ளங்கையின் நடுவில் தொடங்கி, மணிக்கட்டைக் கடந்து, முன்கையின் உட்புறமாக மேலே செல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முதல் ஐந்து விநாடி போதும். அவர் மூச்சு விடும்போது அழுத்தி, இழுக்கும்போது தளர்த்துங்கள்.

5. வலிக்கக் கூடாது. வலித்தால்தான் குணமாகும் என்பது தவறு.

6. ஒரு கைக்கு ஐந்து நிமிடம் போதும். முடிந்ததும் சட்டென்று எழுந்து போகாமல், சற்று நேரம் கையைப் பிடித்தபடி இருங்கள்.

நடுவே அவர் அழுதால் அழட்டும். "என்ன நடந்தது, சொல்லு" என்று துருவ வேண்டாம். உடல் நடுங்கினாலோ, பார்வை எங்கோ நிலைத்துப் பேச்சு நின்றாலோ, அழுத்துவதை நிறுத்துங்கள். பெயர் சொல்லி அழைத்து, "நம் வீட்டில்தான் இருக்கிறோம், இன்று வெள்ளிக்கிழமை" என்று இன்றைய நிலையை நினைவூட்டுங்கள். காலைத் தரையில் ஊன்றச் செய்து, அவர் தெளிந்ததும் தண்ணீர் கொடுங்கள்.

எச்சரிக்கைகள்

காய்ச்சல், எலும்பு முறிவு, தோல் புண், காலில் இரத்தக் கட்டு, புடைத்த நரம்பு உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும், எலும்பு பலவீனமான முதியோருக்கும், கர்ப்பிணிகளுக்கும், புற்றுநோய் உள்ளவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் அழுத்துச் சிகிச்சை கூடாது. கழுத்தின் முன்புறத்திலும் பக்கங்களிலும் யாருக்கும் அழுத்தவே கூடாது.

உறக்கமின்மையும் அச்சமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை வெளியிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, அவரைத் தனியே விடவும் கூடாது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடையில் பேரம் பேச இந்தியோ மராத்தியோ போதும். நெஞ்சில் உள்ள பயத்தைச் சொல்லத் தாய்மொழி வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இயங்குகிறது. எண் 14416. கட்டணம் இல்லை. இரவும் பகலும் அழைக்கலாம்.

நிறைவாக

ஊரில் ஒரு துன்பம் என்றால் பெரியம்மாவும் அத்தையும் வந்து பக்கத்தில் அமர்ந்து, கேட்காமலே கையைப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே நமக்கு அடுத்த கதவில் அத்தகைய உறவு இல்லை. ஆகவே வீட்டில் உள்ளவர்களே அந்தக் கையாக இருக்க வேண்டியுள்ளது. சங்கத்தில் அறிமுகமான குடும்பம் எதுவாயினும், விபத்தையோ இழப்பையோ சந்தித்ததென்று அறிந்தால், முதல் வாரம் மட்டும் போய்வந்து நின்றுவிடாமல், இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் போய் அமர்ந்து வாருங்கள். பெரும்பாலோர் தனித்து விடப்படுவது அப்போதுதான். கேட்டுத் தொடுவோம், பொறுத்திருப்போம், தேவையானபோது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.