ஒளியால் பிடிக்கலாமா? குவிவு வில்லையிலிருந்து தட்டை வில்லை வரை

விஞ்ஞானம்: ஒளி, உந்தம் (மேலதிக வாசிப்பு)

குவிவு வில்லையால் சூரிய ஒளியைக் குவித்தால் கடதாசி கருகும் என்பது மாணவர்கள் அறிந்ததே. ஒளியைக் குவித்து ஒரு பொருளைப் பிடிக்கவும் முடியுமா? பொருள் மிகச் சிறியதாயின் முடியும். நீங்கள் தனித்தனியே மனனஞ் செய்யும் ஒளிமுறிவும் நியூற்றனின் மூன்றாம் விதியும் இங்கே ஒன்றாக வேலை செய்கின்றன.

1. ஒளிப்பொறி

ஒளிக்குத் திணிவு இல்லை. ஆனால் உந்தம் உண்டு. நீரிலுள்ள ஒளிபுகும் சிறு கோளமொன்றினூடாக லேசர் கதிர் செல்லும்போது முறிவடைந்து திசை மாறும். திசை மாறினால் உந்தமும் மாறும். கோளம் கதிரை ஒரு பக்கம் திருப்ப, கதிர் கோளத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். கோளத்தின் முறிவுச் சுட்டி நீரினதை விடக் கூடியதாயின், நன்கு குவிந்த கற்றை அதனைக் குவியத்தை நோக்கி இழுக்கும். குவியத்தை நகர்த்தினால் கோளமும் கூடவே நகரும்.

இவ்விசை நியூற்றனின் 10⁻¹² மடங்கு அளவினது. பேனையைத் தூக்கப் போதாது. பற்றீரியாவைப் பிடிக்கப் போதும். 1986இல் ஒற்றைக் கற்றைப் பொறியை ஆதர் ஆஷ்கின் குழுவினர் ஐக்கிய அமெரிக்காவில் செய்து காட்டினர். 2018ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசில் பாதி ஆஷ்கினுக்குக் கிடைத்தது.

2. மும்பாயில் ஒரு பரிசோதனை

மும்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2004இல் செங்குருதிக் கலங்களை ஒளிப்பொறியில் பிடித்தனர். மலேரியா ஒட்டுண்ணி தொற்றிய கலம் பொறியினுள் சுழன்றது. தொற்றாத கலம் சுழலவில்லை. நோயுற்ற கலத்தைத் தொடாமலே வேறுபடுத்தி அறியலாம் என்பதே இதன் பயன். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. எனினும் பல நாடுகளில் அந்நோய் இன்றும் உயிர்களைப் பறிக்கின்றது.

3. வளைவு இல்லாத வில்லை

ஒளிப்பொறிக்கு வழமையாக நுணுக்குக்காட்டியின் பெரிய பொருள்வில்லை தேவை. அதனைச் சிறிதாக்க முடியுமா?

இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையின் நடுவிலுள்ளோர் தாமதித்தால் வரிசை வளையும். குவிவு வில்லை நடுவில் தடித்திருப்பதால் அங்கு செல்லும் ஒளி கூடுதலாகத் தாமதிக்கும். அலைமுகம் வளைந்து குவியத்தில் சேரும். ஆகவே ஒளியைக் குவிப்பது இத்தாமதமே. வளைவு அதற்கான ஒரு வழி மாத்திரம்.

2016இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஃபெடரிக்கோ கப்பாசோ குழுவினர் கண்ணாடித் தட்டின்மீது 600 நனோமீற்றர் உயரமான தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூண்களை நிறுவினர். தூண்கள் திரும்பியிருக்கும் கோணத்தை இடத்துக்கிடம் மாற்றி அதே விளைவைப் பெற்றனர். இச்சேர்வை நமது புல்மோட்டை மணலிலுள்ள உரூட்டைல் கனியத்தில் இருப்பதே. 2021இல் பேர்டியூ பல்கலைக்கழகத்தினர் தட்டை வில்லையொன்றினால் வெற்றிடத்தில் நனோத் துணிக்கையைப் பிடித்துக் காட்டினர். இத்தகைய வில்லைகள் பரவலானால், மேசையை நிரப்பும் உபகரணம் உள்ளங்கையில் அடங்கும் நாள் வரலாம்.

பரீட்சைக் குறிப்பு: வினாத்தாளில் குவிவு வில்லையைக் கேட்டால், நடுப்பகுதி தடித்தது என்ற பாடநூல் விடையையே எழுதுக.

பயிற்சி வினாக்கள்

1. கோளம் குவியத்தை நோக்கி இழுக்கப்படுவதை நியூற்றனின் எவ்விதி விளக்குகின்றது?
2. கோளத்தினதும் நீரினதும் முறிவுச் சுட்டிகள் சமமாயின் யாது நிகழும்? காரணம் தருக.

விடைகள்: (1) மூன்றாம் விதி. (2) கதிர் முறிவடையாது; உந்தம் மாறாது; எனவே கோளம் பிடிபடாது.