வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் யார்?

ஓர் எழுத்தாளரைப் பற்றி ஒப்படை எழுத வேண்டுமென்றால் நாங்கள் முதலில் அவருடைய நூலின் அறிமுகப் பக்கத்தைத்தான் புரட்டுகிறோம். அந்த அறிமுகத்தை எழுதியவர் யார், அவருக்கும் எழுத்தாளருக்கும் என்ன உறவு என்று கேட்பது குறைவு. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் நம்பகத்தன்மையும் ஆராயப்படுவதை இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் அலன் போவின் விடயத்தில் அந்தக் கேள்வி மிகவும் தேவைப்பட்டது.

துப்பறியும் கதைகளுக்கு வழிகாட்டியான போ, 1849 ஒக்டோபர் 7 ஆம் திகதி பால்ட்டிமோர் நகரில் தனது 40 ஆவது வயதில் காலமானார். இரண்டு நாட்களில் நியூயோர்க் டிரிபியூன் பத்திரிகையில் ஓர் இரங்கற் கட்டுரை வந்தது. இரங்கல் என்பது பெயருக்குத்தான். அவருக்கு நண்பர்களே இல்லை என்பது போலவும், பொறாமை நிறைந்தவர் என்றும் அது எழுதியது. கீழே 'லுட்விக்' என்ற புனைபெயர்.

அந்த லுட்விக்கின் உண்மைப் பெயர் ரூபஸ் கிறிஸ்வோல்ட். 1842 இல் அவர் வெளியிட்ட கவிதைத் தொகுப்பைப் போ பின்னர் பகிரங்கமாகத் தாக்கியிருந்தார். விந்தை என்னவென்றால், போவின் படைப்புகளைப் பதிப்பிக்கும் பொறுப்பு இவர் கைக்கே வந்தது. 1850 இல் அப்பதிப்புக்காகப் போவின் வாழ்க்கைக் குறிப்பையும் எழுதினார். வேர்ஜீனியா பல்கலைக்கழகம் போவை வெளியேற்றியதாக அதில் கூறினார். உண்மையில் போ வெளியேற்றப்படவில்லை. சூதாட்டக் கடனும், வளர்ப்புத் தந்தை பணம் தர மறுத்ததுமே அவரது படிப்பை நிறுத்தின.

இந்தப் பொய் நிலைத்த விதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இருவரையும் தன்னிடம் வேலைக்கு வைத்திருந்த சஞ்சிகை உரிமையாளர் ஜோர்ஜ் கிரஹாம் உடனேயே மறுத்து எழுதினார். ஆனால் அந்த மறுப்பு ஒரு மாத இதழில் வந்தது. கிறிஸ்வோல்டின் குறிப்போ போவின் நூல்களுக்குள்ளேயே இருந்தது! கதையை வாங்கியவர் அவதூறையும் சேர்த்தே வாங்கினார். பயங்கரக் கதை எழுதியவர் பயங்கரமானவராகத்தான் இருப்பார் என நம்புவதும் இலகுவாக இருந்தது. போதாததற்கு, போ மது அருந்தியது உண்மை, கடன்பட்டதும் உண்மை. கொஞ்சம் உண்மை கலந்த வதந்தியைப் பிரித்தெடுப்பது கடினம்.

பிரித்தெடுத்தவர்களுள் முக்கியமானவர் ஆர்தர் ஹொப்சன் குயின். போவின் மூலக் கடிதங்களை, கிறிஸ்வோல்ட் அச்சிட்ட கடிதங்களோடு ஒப்பிட்டு, 1941 இல் தன் நூலில் வெளியிட்டார். போ எழுதாத வரிகள் அச்சில் இருந்தன. அவற்றுள் சில, கிறிஸ்வோல்டையே புகழ்பவை.