சுருள்கதவும் ரிலேயும்

சில கடைகளின் சுருள்கதவைக் குழாய் வடிவ மின்மோட்டார் இயக்குகிறது. அதில் கதவை ஏற்ற ஒரு மின்வழியும் இறக்க மற்றொரு மின்வழியும் உள்ளன. இரண்டிலும் ஒரே வேளையில் 230 வோல்ட் மின்சாரம் பாய்ந்தால் மோட்டார் பழுதடையும்.

கைபேசியால் கதவை இயக்க உதவுவது ரிலே. சிறு மின்னோட்டம் பாய்ந்ததும் அதிலுள்ள கம்பிச்சுருள் காந்தமாகித் தொடுமுனைகளை இணைக்கும். விலை குறைந்த இரு ரிலேக்களே போதும். முதலாவது மின்சாரத்தைத் தரும் அல்லது நிறுத்தும். இரண்டாவது திசையைத் தேரும். ஒரு முனையை விட்டால்தான் மறுமுனையைத் தொட இயலும். ஆதலால் இரு மின்வழிகளும் ஒருங்கே இயங்கா. கதவு எல்லையை அடைந்ததும் மோட்டாரிலுள்ள எல்லைச் சுவிட்சு அதனை நிறுத்தும்.

ஆயினும், கதவின் கீழே குழந்தை நிற்பதை ரிலே அறியாது. ஆகவே, கதவைக் கண்ணால் பார்த்தவாறே இறக்குதல் வேண்டும். மின்னிணைப்பைத் தகுதி பெற்ற மின்பணியாளரே செய்தல் வேண்டும்.

சொற்பொருள்
ஒருங்கே – ஒரே வேளையில்
தேரும் – தெரிவு செய்யும்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: மின்னோட்டம், மின்னிணைப்பு.
2. இரண்டாவது ரிலேயின் பணி யாது?
3. தொலைவில் இருந்து கதவை இறக்குதல் ஏன் தகாது?