99% எடுத்தாலும் ஃபெயில்: பேட்டரி பங்கு வாங்கும் முன் ஒரு கணக்கு

"சாலிட் ஸ்டேட் பேட்டரியில் புது கண்டுபிடிப்புன்னு செய்தி வந்திருக்கு, அந்தக் கம்பெனி பங்கு வாங்கலாமா?" அடிக்கடி வரும் கேள்வி இது. போனஸ் பணத்தைப் போடும் முன் ஒரு கூட்டு வட்டிக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

விஷயம் என்ன?

இன்றைய போன், கார் பேட்டரிகளில் மைனஸ் பக்கம் பெரும்பாலும் கிராஃபைட். ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி சேமிக்கும். அங்கே லித்தியம் உலோகம் வைத்தால் 3,860. அதுக்காக மொத்த பேட்டரியும் 10 மடங்கு ஆகாது. பிளஸ் பக்கமும் உறையும் அதே எடைதானே!

சிக்கல், லித்தியம் சும்மா இருக்காது. எலக்ட்ரோலைட்டோடு வினை புரிந்து வீணாகும். ஊசி மாதிரி வளர்ந்து ஷார்ட் சர்க்யூட்டும் ஆக்கும். திட எலக்ட்ரோலைட்டிலும் விரிசல் வழியே இது நடக்கும்.

இங்கேதான் சேர்மானம் வருது. சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி, கொஞ்சம்தான். சல்ஃபைடு வகை திட எலக்ட்ரோலைட்டில் லித்தியம் அயோடைடு சேர்ப்பது ஓர் உதாரணம். லித்தியத்தைத் தொடும் இடத்தில் நல்ல படலம் அமைந்தால், வீணாவது குறையும்.

இப்போ கணக்கு

கூடுதல் லித்தியம் வைக்காத பேட்டரின்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு சார்ஜிலும் 99% லித்தியம் திரும்பி வந்தால், 100 சார்ஜுக்குப் பிறகு மிச்சம் சுமார் 37%தான். 99.9% என்றால் 90%. ஆனா அதுவும் 1,000 சார்ஜில் 37% ஆகிடும். 1,000 தாண்டியும் 80% வேணும்னா 99.98% தேவை. சேர்மான ஆராய்ச்சியின் போராட்டமே இந்தத் தசமப் புள்ளிக்குத்தான்.

பங்குக்கு வருவோம்

அமெரிக்காவின் குவான்டம்ஸ்கேப் 2020 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. அப்போ விற்பனை வருமானமே கிடையாது. டிசம்பரில் பங்கு விலை சுமார் 130 டாலர். 2022 முடிவில் 6 டாலருக்கும் கீழே. உச்சத்தில் 1 லட்சம் ரூபாய் போட்டவருக்கு மிஞ்சியது 5,000 கூட இல்லை. தொழில்நுட்பம் பொய் இல்லை. வராத லாபத்துக்கு முன்கூட்டியே விலை கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

செய்தி பார்த்தா இந்த 3 கேள்வி கேளுங்க:

1. எத்தனை சார்ஜ் தாங்கியது? எந்த வெப்பநிலையில், எவ்வளவு அழுத்தத்தில்?
2. சோதித்தது நாணயம் அளவு செல்லா, காரில் வைக்கும் செல்லா?
3. கையிருப்புப் பணத்தை ஆண்டுச் செலவால் வகுத்தால் எத்தனை வருஷம் ஓடும்? பணம் தீர்ந்தால் புதுப் பங்கு வெளியிடுவாங்க, உங்க பங்கின் அளவு கரையும். இதுக்கு கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட் பாருங்க.

மூன்றுக்கும் பதில் கிடைக்கலைன்னா, மொத்தமும் போனாலும் தாங்கும் தொகைக்கு மேல் போடாதீங்க.

கடைசியா, இதே கணக்கை உங்க மியூச்சுவல் ஃபண்டிலும் போடுங்க. வருஷம் 1% கூடுதல் கட்டணம் 30 வருஷத்தில் உங்க தொகையில் கால் பங்குக்கு மேல் தின்னுடும். பேட்டரியோ பணமோ, சின்னக் கசிவுதான் பெரிய நஷ்டம்.