பூசின உடம்புக்கும் ஒரு மடக்குப் படகு

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிற நமக்கு, கார் டிக்கியில் அடங்கிவிடும் மடக்குக் கயாக் பெரிய வரம். இதே மலையின் குண்டனி நாட்டிலிருந்து, கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் தோழர், தோழியருக்காக:

1. படகு தாங்கும் எடை என்று போட்டிருப்பதில் முக்கால் பங்கைத்தான் கணக்கில் வையுங்கள். நீங்கள் 100 கிலோ, கட்டுச்சோறும் தண்ணீரும் 10 கிலோ என்றால், 150 கிலோ தாங்கும் படகு வேண்டும்.

2. உட்காரும் திறப்பின் நீள அகலத்தைக் கடையில் கேட்டு, அதே அளவுக்கு வாசலில் கோலப்பொடியால் கோடு போடுங்கள். உள்ளே காலை நீட்டி உட்கார்ந்து, கோடு கலையாமல் எழுந்திருக்க முடிகிறதா பாருங்கள். எனக்கு இரண்டு பக்கமும் அழிந்தது. அந்தப் படகை வாங்காமல் தப்பித்தேன்.

3. அகலம் மூன்று சாணுக்குக் குறையக்கூடாது. 28 முதல் 32 அங்குலம் என்றால் நிம்மதி. வேகம் குறையும்தான், ஏரியில் யாரோடு பந்தயம்?

4. ஓரங்களில் காற்றுக்குழாய் வைத்த துணிப் படகு அதிகம் ஆடாது. ஜெர்மனியின் கிளெப்பர் ஏரியஸ் அந்த ரகம், விலைதான் கையைக் கடிக்கும். பிளாஸ்டிக் தகட்டைக் காகிதக் கப்பல்போல் மடிக்கும் 'ஓரு' என்ற பிராண்டுக் கயாக், தூக்கிப்போக லேசு.

5. "மடக்குப் படகா, பொம்மையா?" என்று வீட்டில் சிரித்தால் ஆஸ்கர் ஸ்பெக் கதையைச் சொல்லுங்கள். 1932-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் மடக்குக் கயாக்கில் கிளம்பி, இந்தியக் கரையோரமாகவும் துடுப்புப் போட்டு, 1939-ல் ஆஸ்திரேலியப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்!

6. இருக்கையில் தலையணை போட்டு உயர்த்தாதீர்கள், படகு தள்ளாடும். இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாலே போதும்.

7. அகலப் படகுக்குத் துடுப்பு 230 முதல் 240 செ.மீ. வரை இருக்கட்டும். குட்டையாக இருந்தால் விரல் முட்டி படகு ஓரத்தில் இடிக்கும்.

8. லைஃப் ஜாக்கெட்டை எடை பார்த்து வாங்காமல், தையல் டேப்பால் மார்புச் சுற்றளவு எடுத்து வாங்குங்கள்.

9. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். நம் மலைப் பனிக்குக் கேட்கவே வேண்டாம். மிளகு காய வைப்பதுபோல் பரப்பிவிடுங்கள், ஆனால் நிழலில்.

10. வாங்குமுன் நம் மலையின் வாசலூர்பட்டி படகு இல்லத்தில் ஒரு சுற்று போய்வாருங்கள், தண்ணீர் ஆட்டம் பழகும். சொந்தப் படகை எந்த ஏரியில் இறக்குவதானாலும் முதலில் அனுமதி கேளுங்கள். ஏறும்போது படகைப் பிடித்துக்கொள்ளக் கரையில் ஒரு ஆள் கட்டாயம் நிற்கட்டும்.